தமிழ்நாட்டு விமான நிலையங்கள் நாளைய கூட்டத்தைத் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரில் வரும் என்ற அறிவிப்பு வந்த 2022 ஆகஸ்டிலிருந்து இந்த விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஒரு தரப்பு "சென்னை நிரம்பி வழிகிறது" என்கிறது. இன்னொரு தரப்பு "இப்போதுள்ள மீனம்பாக்கம் நிலையமே போதும்" என்கிறது. இரண்டு தரப்பும் கையில் எண்களோடுதான் பேசுகின்றன. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதை நம்பலாம், எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று பலரும் கேட்பதால் இந்தக் கேள்வி-பதில்.

"ஆண்டுக்கு 3 கோடி பயணிகள் கொள்ளளவு" என்கிறார்களே, அது என்ன கணக்கு?

பெரும்பாலும் அது முனையத்தின் கணக்கு. சென்னையில் 2023 ஏப்ரல் 8 அன்று புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதல் கட்டம் திறக்கப்பட்டபோது, கொள்ளளவு 2.3 கோடியிலிருந்து 3 கோடியாக உயர்ந்ததாகச் செய்தி வந்தது. உயர்ந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஓடுபாதை ஓர் அங்குலம்கூட நீளவில்லை. ஜிஎஸ்டி சாலையும் அகலமாகவில்லை.

ஒரு பயணி விமானத்தைப் பிடிக்கப் பல கட்டங்களைக் கடக்க வேண்டும். ஊருக்குள்ளிருந்து வரும் சாலை அல்லது மெட்ரோ, செக்-இன், பாதுகாப்புச் சோதனை, விமானம் நிற்கும் பே, பேயிலிருந்து ஓடுபாதைக்குப் போகும் டாக்ஸிவே, ஓடுபாதை, அதற்கு மேலே வான்வெளி. இவற்றில் எது மிகக் குறுகலோ அதுதான் நிலையத்தின் உண்மையான கொள்ளளவு. மற்றவை எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே எந்த அறிக்கையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இதில் முதலில் தீர்ந்துபோவது எது, எந்த நேரத்தில்?

எந்த நேரத்தில் என்றால்? ஆண்டு எண்ணிக்கை போதாதா?

போதாது. கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் முழுக்க 2,000 பேருக்குச் சாப்பாடு போட முடியும் என்று சமையல்காரர் சொன்னால் மட்டும் ஆயிற்றா? முகூர்த்தம் முடிந்த கையோடு எல்லோரும் முதல் பந்திக்குத்தானே வந்து நிற்பார்கள். விமான நிலையமும் அப்படித்தான். அதை வடிவமைப்பதே உச்ச நேரத்தை வைத்து. ஆண்டு எண் அதற்குப் பின்னால் வருவது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் பழைய தோராய விதி ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை பயணிகள் வரும் நிலையத்தில், ஆண்டு எண்ணிக்கையின் 0.05 சதவீதத்தை உச்ச மணி நேரக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம். 2 கோடியைத் தாண்டினால் 0.04 சதவீதம். நிலையம் பெரிதாகப் பெரிதாகக் கூட்டம் நாள் முழுக்கப் பரவும் என்பதுதான் இதன் பின்னால் உள்ள எண்ணம்.

இதைத் திருச்சியில் போட்டுப் பாருங்கள். 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்ட புதிய முனையத்தின் ஆண்டுக் கொள்ளளவு 44 லட்சம். விதிப்படி உச்ச நேரத்துக்கு 2,200 பேர் வர வேண்டும். ஆனால் அந்த முனையம் மணிக்கு 3,500 பேருக்காகக் கட்டப்பட்டது. இதை வீண் செலவு என்று சொல்லிவிட முடியாது. திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா என்று வரும் விமானங்கள் கொத்துக் கொத்தாக வந்து சேரும்.

180 பேர் வீதம் மூன்று விமானங்கள் அரை மணி நேரத்துக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இமிகிரேஷன் வரிசையில் 540 பேர். பத்து கவுண்டர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் கடைசி ஆள் வெளியே வர 81 நிமிடம். அப்புறம் பெல்ட்டில் பெட்டி வர வேண்டும், கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும். அதே 540 பேர் மூன்று மணி நேரத்தில் பிரிந்து வந்திருந்தால் யாருக்கும் எரிச்சலே இருந்திருக்காது. ஆண்டு எண் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, சென்னையில் ஓடுபாதை நிரம்பிவிட்டதா?

பாதி உண்மை. சென்னையில் இரண்டு ஓடுபாதைகள். பிரதானமானது 3,658 மீட்டர். இரண்டாவது அதைவிடச் சிறியது. அடையாற்றின் மேல் பாலம் கட்டி அதை நீட்டினார்கள். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன, அதனால் ஒரே சமயத்தில் தனித்தனியாக இயக்க முடியாது. இணையான இரண்டு ஓடுபாதைகள் தரும் பயன் இங்கே கிடைக்காது.

ஆனால் மும்பையிலும் இதே கதைதான். அங்கேயும் ஓடுபாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அதை வைத்துக்கொண்டே 2024-25-ல் சுமார் 5.5 கோடிப் பயணிகளைக் கையாண்டார்கள். லண்டன் கேட்விக் ஒரு நேரத்தில் ஒரே ஓடுபாதையில் 2019-ல் 4.6 கோடிக்கு மேல் கையாண்டது. சென்னை இருப்பது சுமார் 2.2 கோடியில். அப்படியானால் சிக்கலை ஓடுபாதையின் தார்ப்பரப்பில் மட்டும் தேடக் கூடாது. இறங்கிய விமானம் சட்டென்று விலகிப்போக வேக டாக்ஸிவே வேண்டும், இரவு தங்கும் விமானங்களுக்குப் பே வேண்டும், முனையங்களுக்கு இடம் வேண்டும். சென்னையின் மொத்த நிலப்பரப்பு சுமார் 1,300 ஏக்கர். பெங்களூருக்கு 4,000 ஏக்கர், ஹைதராபாத்துக்கு 5,000-க்கு மேல். மீனம்பாக்கத்தைச் சுற்றி ஒரு பக்கம் பல்லாவரம், திரிசூலம் குன்றுகள், இன்னொரு பக்கம் ஆறு, மீதிப் பக்கமெல்லாம் வீடுகள். விரிவாக்கம் என்று வாயால் சொல்லலாம், எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

இன்னொரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஓடுபாதையில் ஒரு ஸ்லாட், அதாவது ஏறவோ இறங்கவோ ஒதுக்கப்படும் நேரம், ஒரு விமானத்துக்கு உரியது, ஒரு பயணிக்கு அல்ல. 78 பேர் போகும் சிறிய ஏடிஆர் விமானத்துக்கும் ஒரு ஸ்லாட், 232 பேர் போகும் ஏ321-க்கும் ஒரு ஸ்லாட். இண்டிகோ 2023 ஜூனில் 500 ஏர்பஸ்களுக்கு ஆர்டர் கொடுத்தது; அதில் ஏ321 வகையும் உண்டு. பெரிய விமானங்கள் வரவர, அதே ஓடுபாதையில் அதிகம் பேர் போவார்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் "ஓடுபாதை இத்தனையாம் ஆண்டில் நிரம்பும்" என்று தேதி குறிக்கும் அறிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை.

எதிர்காலக் கூட்டத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

பொதுவாக மூன்று வழி. பழைய வளர்ச்சியை அப்படியே முன்னே நீட்டுவது ஒன்று. மாநில வருமானம், மக்கள்தொகை, டிக்கெட் விலை ஆகியவற்றோடு பயணிகள் எண்ணிக்கைக்கு உள்ள தொடர்பைக் கண்டு, அந்தக் காரணிகளை வைத்துக் கணிப்பது இன்னொன்று. விமான நிறுவனங்களிடமும் தொழில்துறையிடமும் நேரடியாகக் கேட்பது மூன்றாவது. நல்ல அறிக்கை மூன்றையும் கலந்து, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று குறைந்தது மூன்று பாதைகளைக் காட்டும். ஒரே ஒரு கோட்டை மட்டும் வரைந்து காட்டினால் உஷாராகிவிடுங்கள்.

ஏனென்றால் சதவீதம் கொஞ்சம் நகர்ந்தாலும் விடை எங்கேயோ போய்விடும். சென்னையின் 2.2 கோடி ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால், விரிவாக்கம் எல்லாம் முடிந்தபின் வரப்போகும் 3.5 கோடிக் கொள்ளளவை ஆறே ஆண்டில் தொட்டுவிடும். 5 சதவீதம் என்றால் ஒன்பது, பத்து ஆண்டு ஆகும். பரந்தூரின் இறுதிக் கொள்ளளவாகச் சொல்லப்படும் 10 கோடியை எட்ட 8 சதவீதத்தில் ஏறக்குறைய 20 ஆண்டு, 6 சதவீதத்தில் 26, 4 சதவீதத்தில் 38-க்கு மேல். ஒரு தலைமுறை வித்தியாசம், அதுவும் நான்கே சதவீதப் புள்ளியில்.

ஆனால் சென்னையில் கூட்டம் வளரவே இல்லை என்கிறார்களே?

கேட்க வேண்டிய கேள்விகளில் இதுதான் முக்கியமானது. 2018-19-ல் சென்னையில் சுமார் 2.25 கோடிப் பயணிகள். கொரோனா ஆண்டில் அது 60 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. 2023-24-ல் மறுபடி 2.12 கோடி. அதாவது ஐந்து ஆண்டு கழித்தும் பழைய இடத்தைத் தொடவில்லை. அதே காலத்தில் பெங்களூரு 3.33 கோடியிலிருந்து 3.75 கோடிக்குப் போய், அடுத்த ஆண்டே 4 கோடியைத் தாண்டியது. 2018-19-ல் சென்னைக்குப் பின்னால் இருந்த ஹைதராபாத்தும் இப்போது முன்னால்.

இதற்கு இரண்டு விளக்கம் உண்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ஒன்று: சென்னையில் தேவையே அவ்வளவுதான், பெரிய நிலையம் கட்டினால் காலியாகக் கிடக்கும். மற்றொன்று: தேவை இருக்கிறது, இடமும் நேரமும் வசதியும் கிடைக்காததால் அது வேறெங்கோ போய்விட்டது. பெங்களூரில் 2019 டிசம்பரில் இரண்டாவது ஓடுபாதை வந்தது, 2022 நவம்பரில் இரண்டாம் முனையம் திறந்துவைக்கப்பட்டது. இடம் கிடைக்கிற ஊரில்தான் விமான நிறுவனங்கள் புதிய விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தும். இணைப்பு விமானங்கள் அங்கே பெருகும். பெருகப் பெருகப் பயணிகளும் அங்கேயே போவார்கள்.

என் கணிப்பில் இரண்டாவது விளக்கத்துக்குத்தான் எடை அதிகம். ஆனால் முழுக்க அல்ல. பெங்களூரின் மென்பொருள் துறை உருவாக்கும் உள்நாட்டுப் பயணத்துக்குச் சென்னையில் ஈடு கிடையாது. நிலப்பரப்பு எவ்வளவு கொடுத்தாலும் அது மாறாது. ஆகவே "பெங்களூரு இத்தனை வளர்ந்தது, நாமும் அத்தனை வளர்வோம்" என்ற கணக்கு செல்லாது. எந்த உச்ச நேரத்தில் எத்தனை ஸ்லாட் கேட்டு எத்தனை மறுக்கப்பட்டது என்ற விவரத்தை வெளியிட்டால் இந்த வாதம் பாதி முடிந்துவிடும். அது இல்லாமல் கொடுக்கப்படும் எந்தக் கணிப்பும் அரைகுறைதான்.

பக்கத்து மாநிலத்துக்குப் போய் விமானம் ஏறுபவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

விமான நிலைய எண்ணிக்கையில் அவர்கள் கர்நாடகத்துக்காரர்களாகவோ கேரளத்துக்காரர்களாகவோ ஆகிவிடுகிறார்கள். நாகர்கோவில்காரருக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். ஓசூர், கிருஷ்ணகிரிக்குப் பெங்களூரு. கோவை, பொள்ளாச்சியிலிருந்து வளைகுடா போகிற பலர் பாலக்காடு வழியாகக் கொச்சிக்குக் காரில் போகிறார்கள். ஒரு பிராந்தியத்தின் தேவையை அளக்க வேண்டுமானால் நிலையத்தில் தலையை எண்ணினால் போதாது. மாவட்ட வாரியாக, வீட்டிலிருந்து எங்கே போய் ஏறினார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஓசூர் விமான நிலைய அறிவிப்பின் பின்னணியும் இதுதான். 2024 ஜூனில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேருக்கான நிலையம் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். தடையாக நிற்பது பெங்களூரு நிலையத்தின் ஒப்பந்தம். அங்கிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை போட்டியாக இன்னொரு நிலையம் வர முடியாது. பெரிய நிலையம் கட்ட எப்படியும் அத்தனை ஆண்டு பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

திருச்சி, மதுரை, கோவை, தூத்துக்குடியை வளர்த்தால் சென்னையின் பாரம் குறையாதா?

குறையும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. சென்னைக்கு வருகிறவர் சென்னைக்கு வரத்தான் வருகிறார். அவரைத் திருச்சியில் இறக்க முடியாது. குறையக்கூடியது சென்னையில் விமானம் மாறிப் போகிறவர்கள். மதுரையிலிருந்து நேரடியாகக் கோலாலம்பூர் போக முடிந்தால் அவர் சென்னைக்கு வர மாட்டார், அவருக்காக ஓர் ஏடிஆர் ஸ்லாட்டும் தேவைப்படாது.

மதுரைக்குத் தடைகள் பலவகை. ஓடுபாதை 2,285 மீட்டர். ஏ320-க்குப் போதும், அகலமான பெரிய விமானங்கள் நிறையச் சுமையோடு ஏற அது போதாது. வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைந்து, ஏறுவதற்கு இன்னும் நீளம் தேவைப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையை நீட்டினால் குறுக்கே போகும் ரிங் ரோட்டை என்ன செய்வது, சுரங்கப்பாதையா, சாலையையே சுற்றிவிடுவதா என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தது. 24 மணி நேர சேவையே 2024 அக்டோபரில்தான் வந்தது. இதையெல்லாம் தாண்டி ஒரு காகிதத் தடையும் உண்டு. இரு நாட்டு விமான ஒப்பந்தங்களில் எந்த ஊர் பட்டியலில் இருக்கிறதோ அங்கேதான் அந்த நாட்டு நிறுவனங்கள் பறக்க முடியும். மதுரை பல பட்டியல்களில் இல்லை. கான்கிரீட் ஊற்றி இதைத் தீர்க்க முடியாது, டெல்லியில் பேனா அசைய வேண்டும்.

கோவையில் பிரச்சினை நிலம். 600 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தும் வேலை பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது. தூத்துக்குடி இதற்கு நேர்மாறு. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராகிவிட்டது; ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கான முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. அங்கே இனி வேண்டியது விமானங்கள்தான்.

வந்தே பாரத் வந்தபின் உள்மாநில விமானம் தேவையா?

சென்னை–கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரலில் தொடங்கியது, ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. விமானத்தில் பறக்கும் நேரம் ஒரு மணி சொச்சம்தான், ஆனால் வீட்டிலிருந்து வீட்டுக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் சுருங்கிவிடும். அன்றே போய்த் திரும்பும் தொழில்முறைப் பயணி விமானத்தை விட மாட்டார். குடும்பத்தோடு போகிறவர் விடுவார். தூத்துக்குடி போன்ற தொலைவுக்கு ரயில் அவ்வளவாகப் போட்டி தராது.

சேலம், வேலூர், நெய்வேலி போன்ற சிறிய ஊர்கள்?

மானியம் இருக்கும்வரை பறக்கும், முடிந்ததும் நிற்கும் என்பதுதான் சிறிய ஊர்களுக்கான விமானச் சேவைக்கு மானியம் தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் பொதுவான அனுபவம். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை ஆய்வு செய்த 774 வழித்தடங்களில், மூன்றாண்டு மானியக் காலம் முடிந்தும் தொடர்ந்தவை 54 மட்டுமே. சேலத்தில் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. வேலூரும் நெய்வேலியும் உடான் பட்டியலில் ஏறி ஆண்டுகள் ஆகின்றன.

கணிப்பு தவறினால் என்ன ஆகும்?

இரண்டு பக்கமும் தவறலாம், இலங்கை ஒன்றே இரண்டுக்கும் உதாரணம். 60 லட்சம் பேருக்கான கொழும்பின் கட்டுநாயக்க நிலையம் 2018-ல் ஒரு கோடிக்கு மேல் சுமந்து மூச்சுத் திணறியது. அதே நாட்டில், 2013 மார்ச்சில் சுமார் 20 கோடி டாலர் செலவில் திறந்த மத்தளை நிலையத்துக்கு விமானங்களே வரவில்லை. ஒரு கட்டத்தில் அதன் கிடங்குகளில் நெல் மூட்டை அடுக்கினார்கள். நாடு முழுக்க எத்தனை பேர் பறப்பார்கள் என்ற கணிப்பில் பெரிய தவறில்லை. அவர்கள் எந்த ஊரிலிருந்து பறப்பார்கள் என்பதில்தான் சறுக்கல். கனடாவின் மான்ட்ரியலில் 1975-ல் திறந்த மிராபெல்லும் ஊரிலிருந்து தள்ளி, சரியான ரயில் இணைப்பு இல்லாமல் நின்றது. 2004-ல் பயணிகள் சேவை அங்கே முடிந்துபோனது.

அப்படியானால் பரந்தூர் வேண்டுமா, வேண்டாமா?

சென்னைக்கு இரண்டாவது இடம் ஒன்று என்றைக்காவது வேண்டியிருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1,300 ஏக்கரில் எத்தனை சாமர்த்தியம் காட்டினாலும் ஓர் எல்லை உண்டு. நேரமும் இழுக்கும். நவி மும்பை பற்றிய பேச்சு 1990-களின் கடைசியில் தொடங்கியது, விமானம் பறந்தது 2025 டிசம்பரில். தேவை வந்தபின் தொடங்கலாம் என்றால் காலம் கடந்துவிடும்.

ஆனால் 10 கோடி என்ற அளவும், 13 கிராமங்களைத் தொடும் 5,700 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் தனியாக நியாயப்படுத்தப்பட வேண்டியவை. முனையத்தைக் கட்டம் கட்டமாகக் கட்டலாம். தேவை வராவிட்டால் அடுத்த கட்டத்தைத் தள்ளிப்போடலாம். நிலத்தை அப்படிச் செய்ய முடியாது. திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரம் கிராமத்தின் வயலையும் ஏரியையும் ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். அதனால்தான் அந்த ஊர் 2022-லிருந்து போராடுகிறது. அதை "வளர்ச்சிக்கு எதிரானவர்கள்" என்று சொல்லிக் கடந்துபோவது சோம்பேறித்தனம். படாளம், பன்னூர், திருப்போரூர் ஆகியவையும் ஆய்வில் இருந்த இடங்கள். அவற்றோடு ஒப்பிட்ட மதிப்பெண்கள், குறைந்த வளர்ச்சிப் பாதையில் எவ்வளவு நிலம் போதும் என்ற கணக்கு, இரண்டையும் மக்கள் முன் வைத்துப் பேச வேண்டும்.

மழை வந்தால்?

2015 டிசம்பரில் அடையாறு உள்ளே புகுந்து சென்னை நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயலிலும் ஓடுபாதை நீரில் மூழ்கியது. வெள்ளத்தில் மூடும் நாட்களைக் கொள்ளளவுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். பரந்தூர்த் திட்டப் பகுதியிலும் கம்பன் கால்வாய் ஓடுகிறது, ஏரிகள் இருக்கின்றன. நீரோட்டத்தை ஆராய ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் அரசு குழு அமைத்தது அதனால்தான்.

சரக்கு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியிலிருந்து போகும் கைபேசிகள் பெரும்பாலும் ஆகாய வழியில்தான் போகின்றன. அந்தப் பெட்டிகளில் கணிசமானவை பயணிகள் விமானத்தின் வயிற்றில் போகும். ஆகவே நேரடி நீண்டதூர விமானங்கள் குறைந்தால் ஏற்றுமதியாளருக்கும் இழப்பு. பயணிகளை மட்டும் எண்ணும் அறிக்கை இதைத் தவறவிடும்.

இரண்டு நிலையங்களும் சேர்ந்து ஓடுமா? பரந்தூருக்கு எப்படிப் போவது?

இரண்டும் இயங்கும் என்பதுதான் அரசு சொல்லிவரும் நிலை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் 2008-ல் புதியது திறந்ததும் பழையதில் வழக்கமான பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஏனென்றால் பழையது ஊருக்குள்ளேயே இருந்தால் விமான நிறுவனங்கள் அதை விட்டு நகராது. சென்னையில் எந்த விமானம் எங்கே என்று யார் தீர்மானிப்பது, பயணி ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டுமானால் என்ன வழி என்பதற்கெல்லாம் விதி முன்கூட்டியே வேண்டும். பரந்தூர் சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து அங்கே மெட்ரோவை நீட்டும் திட்டம் இருக்கிறது. நிலையம் திறக்கும் நாளிலேயே அந்த ரயில் ஓட வேண்டும். தாம்பரத்திலோ வேளச்சேரியிலோ இருப்பவர் காலை 6 மணி விமானத்துக்கு நள்ளிரவில் டாக்ஸி பிடிக்க வேண்டியிருந்தால், அவர் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானத்துக்குத்தான் டிக்கெட் எடுப்பார்.